செம்பனையை நகலெடுக்கும் திசு வளர்ப்பு: குளுவாங் தந்த பாடம்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் கன்றில் ஒட்டுக் கட்டுவது தெரிந்த வேலைதான். நிறைய பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து, வேறொரு கன்றின் பட்டையைக் கீறி உள்ளே வைத்துக் கட்டினால், அந்தத் தாய் மரத்தின் குணம் கொண்ட மரமே வளரும். செம்பனையில் இது நடக்காது.

செம்பனைக்குக் கிளை கிடையாது. பக்கக் கன்றும் விடாது. உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரமே போச்சு. ஆகவே விதை போட்டுத்தான் கன்று எடுக்க வேண்டும். ஆனால், ஒரே குலையின் விதைகள்கூட ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒரு மரம் நன்றாகக் காய்க்க, பக்கத்து மரம் ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு வழி தேடியபோது வந்ததுதான் திசு வளர்ப்பு. நன்றாகக் காய்க்கும் மரத்தின் உள்குருத்திலிருந்து விரியாத இளம் இலையை எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். கிருமி புகாத குடுவையில் சர்க்கரை, தாது உப்பு, வளர்ச்சி ஊக்கி கலந்த கூழின் மேல் அதை வைப்பார்கள். சில மாதங்களில் கட்டி போன்ற திசு திரளும். அதில் விதைக்குள் இருப்பது போன்ற கரு உண்டாகி, தளிரும் வேரும் வரும். கன்று நாற்றங்காலுக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

மலேசியாவில் இப்படி வளர்த்த முதல் செம்பனைக் கன்றுகள் 1977-ஆம் ஆண்டு ஜொகூர் மாநிலம் குளுவாங்கில், யூனிலிவர் நிறுவனத்தின் பாமோல் தோட்டத்தில் நடப்பட்டன. ஆரம்ப விளைச்சல் நம்பிக்கை தந்தது. மற்ற நிறுவனங்களும் ஆய்வுக்கூடம் கட்டின.

ஆனால், 1980-களில் சில கன்றுகளின் பூக்கள் கோணலாக வந்தன. காயைச் சுற்றிக் கூடுதல் சதை மடல்கள் முளைத்தன. குறை முற்றிய மரங்களில் காய் பழுக்காமல் குலையே வீணானது. இலையும் தண்டும் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்ததால், நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பூத்த பிறகுதான் குறை தெரிந்தது. அதற்குள் உரமும் கூலியும் செலவாகியிருந்தன. திசு வளர்ப்புக் கன்றுகளைப் பெருமளவில் நடும் திட்டங்கள் தயங்கி நின்றன.

காரணம் 2015-இல்தான் தெளிவானது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லாவும் விஞ்ஞானி ராபர்ட் மார்ட்டியன்சனும் அவர்களின் குழுவினரும் 'நேச்சர்' ஆய்விதழில் அதை வெளியிட்டனர். மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை. அதன் மேல் பூட்டுப் போல இருக்கும் ஒரு வேதிக் குறி, 'கர்மா' என்று பெயரிடப்பட்ட பகுதியில் கழன்றுவிட்டதே கோளாறு. குறி இருந்தால் 'நல்ல கர்மா', கழன்றால் 'கெட்ட கர்மா' என்றே அவர்கள் பெயர் வைத்தனர். சிறு இலைத் துண்டைச் சோதித்து, நாற்றங்காலிலேயே கெட்ட கன்றைக் கழித்துவிட இது வழி காட்டியது.

ஒரு செம்பனை சுமார் 25 ஆண்டுகள் நிலத்தில் நிற்கும். நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தவறான கன்று என்பது அரை வாழ்நாள் நஷ்டம். திசு வளர்ப்புக் கன்று வாங்குகிறவர்கள் விற்பவரிடம் வாரிய உரிமம் உள்ளதா, தாய் மரம் எது, அதே இனக் கன்றுகள் வேறெங்காவது நடப்பட்டுக் காய்த்திருக்கின்றனவா, கோளாறுச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.