காவலரின் காதுக்குக் கணக்கு வைப்பது யார்?

புது தில்லி: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-ம் ஆண்டு தேசிய ஒலி கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, தலைநகரில் கருவி பொருத்தப்பட்ட இடங்களுள் ஐ.டி.ஓ.வும் ஒன்று. அங்குள்ள சாலையின் இரைச்சல் இரவு பகலாகப் பதிவாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் இத்தகைய சாலைச் சந்திப்புகளில் நாள் முழுவதும் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் காதுக்குள் எவ்வளவு இரைச்சல் சென்றது என்பதைக் கணக்கிட, 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இடமில்லை.

அந்த விதிகள் மனிதரை அல்ல, இடத்தையே அளக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை 50, 40. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகலாம்!

பகலில் இந்த வரம்பை 10 டெசிபல் தாண்டினால்தான் குடிமகன் புகார் செய்ய முடியும். பத்துதானே என்று தோன்றும். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்கு. அதாவது, அனுமதிக்கப்பட்டதைவிடப் பத்து மடங்கு ஆற்றலுடன் ஒலி வரும் வரை சட்டம் காத்திருக்கிறது.

செவியின் பாதிப்பை முடிவு செய்வது ஒலியின் அளவு மட்டுமல்ல, அதைக் கேட்கும் நேரமும்தான். தொழிற்சாலைகள் சட்டத்தையொட்டிய மாதிரி விதிகள் 90 டெசிபலை 8 மணி நேரமும் 100 டெசிபலை 2 மணி நேரமும் அனுமதித்தன. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமோ 85 டெசிபலுக்கே 8 மணி நேரம் என்கிறது. அதன் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தளர்வானதாயினும் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வரம்பு எழுதப்பட்டிருந்தது. காவலரும் ஆட்டோ ஓட்டுநரும் நடைபாதை வியாபாரியும் அந்த வரம்புக்கும் வெளியே நின்றனர்.

பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல் ஒலிபெருக்கி இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் போனதைச் சுட்டிக்காட்டி 1998-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. நீதிபதிகள் லஹோதி, அசோக் பான் ஆகியோர் 2005 ஜூலையில் அளித்த தீர்ப்பு, அமைதியை வாழ்வுரிமையோடு இணைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஆண்டுக்கு 15 நாள்கள் வரை விழாக்களுக்காக நள்ளிரவு வரை ஒலிபெருக்கிக்கு விலக்கு அளிக்கும் மாநில அரசுகளின் அதிகாரமும் செல்லும் என்றானது.

கண்காணிப்புத் திட்டம் பின்னர் சென்னை உள்ளிட்ட 7 நகரங்களில் 70 நிலையங்களாக விரிந்தது. நகருக்குப் பத்து. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தில் இருந்த 5 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனைக்குப் பதிலாக, 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம் 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதத்தைக் கொண்டு வந்தது. ஒலி வரம்பை மீறியதாக அந்த அபராதத்தை விதிக்கவும் முதலில் அளவு தேவை. சட்டைக் காலரில் பொருத்திக் கொள்ளும் டோசிமீட்டர் என்ற சிறு கருவி, ஒருவர் நாள் முழுவதும் கேட்ட ஒலியைக் கூட்டிச் சொல்லிவிடும். அதை ஒரு போக்குவரத்துக் காவலரின் சட்டையில் மாட்டிப் பார்க்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.