விண்மீன் ஒளி எண்ணாக மாறும்போது

தொலைநோக்கி திரட்டும் ஒளி, உணர்கருவியில் மின்னூட்டமாகி, பிறகு எண்ணாக மாறிய பின்தான் ஆய்வுக்குப் பயன்படும். அந்த மாற்றத்தில் தொலைந்ததை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் ஒவ்வோர் இரவும் கதவு திறப்பதற்கு முன்பே இதற்கான அமைப்புகளைத் தீர்மானித்துவிட வேண்டும்.

முதலில் எந்த முறையில் பதிவது என்ற தேர்வு. ஒளிப்பெருக்கிக் குழாயில் ஓர் ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் கிளம்பி, பல லட்சமாகப் பெருகி ஒரு துடிப்பாக வெளிவரும். மங்கலான விண்மீன் என்றால் துடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பிரகாசமான விண்மீனில் துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைந்துவிடும். அங்கே மொத்த மின்னோட்டத்தை அளப்பதே சரி.

எத்தனை நொடிக்கு ஒருமுறை பதிவது என்பதும் இதே அளவு முக்கியம். 1977 மார்ச் 10 நள்ளிரவு தாண்டி, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைக் கவனித்தார்கள். மறைப்புக்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் சட்டெனச் சரிந்து மீண்டது. யுரேனஸைச் சுற்றிய வளையம் அது. முதலில் துணைக்கோள் என்றே கருதப்பட்டது. நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து ஒரே எண்ணாகப் பதிந்திருந்தால், அந்தச் சரிவு சராசரியில் கரைந்து போயிருக்கும்.

இப்போது பெரும்பாலும் சி.சி.டி. கேமராதான். சில்லின் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்த எலக்ட்ரான்களை 'எண்ணாக்கி' என்ற மின்சுற்று அளந்து எண்ணாக எழுதுகிறது. 16 பிட் எண்ணாக்கி 65,535-க்கு மேல் எழுதாது. ஒரு கட்டம் 1,00,000 எலக்ட்ரான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எலக்ட்ரானுக்கு ஓர் எண் என்று 'கெயின்' வைத்தால், கட்டம் நிறையும் முன்பே எண் தீர்ந்துவிடும். பிரகாசமான விண்மீனின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இரண்டு எலக்ட்ரானுக்கு ஓர் எண் என்றால் முழுதும் அடங்கும். அதற்காக ஓர் எண்ணுக்கு இத்தனை எலக்ட்ரான் என்ற இந்தப் படியை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் கூடாது. கேமராவின் இரைச்சல் 5 எலக்ட்ரானாக இருக்கையில் படி 20 எலக்ட்ரான் என்றால், மங்கலான விண்மீன்கள் ஒரே படிக்குள் புதைந்துவிடும். இரைச்சலைவிடப் படி சிறிதாக இருப்பதே பாதுகாப்பு.

சில்லின் கட்டங்களை மெதுவாகப் படித்தால் இரைச்சல் குறையும், நேரம் கூடும். ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கொஞ்சமே ஒளி கிடைப்பதால், அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. காற்று அசைந்து விண்மீன் பரந்து தெரியும் இரவில் நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாகப் படிக்கலாம். நுணுக்கம் ஏற்கெனவே போய்விட்டதால் இழப்பு சிறிது, இரைச்சலோ ஒருமுறைதான் சேரும்.

கேமராவை மூடி, நேரமே கொடுக்காமல் எடுக்கும் 'பயாஸ்' படத்தில் எண் சுழியாக இருக்காது. இரைச்சல் கீழே இறங்கும்போதும் வெட்டுப்படாதபடி வேண்டுமென்றே சற்று உயர்த்தி வைத்திருப்பார்கள். கெயினையோ படிக்கும் வேகத்தையோ நடுவில் மாற்றினால் இந்த அளவும் மாறுவதால், அந்த அமைப்புக்கென்று பயாஸ் படங்களை மறுபடி எடுத்தாக வேண்டும்.