வாலைத் தூக்கிட்டு அளந்து பாருங்க

வீட்டு கராஜில் விமானம் கட்டுறவங்களைப் பத்தி இந்த வாரம் பேசினோம்ல, அதுல நேரம் இல்லாம விட்ட ஒரு விஷயம் இது.

என் நண்பன் ஒருத்தன் வால்சக்கர விமானம் கட்டுறான். சீக்கிரம் மேலேறணும்னு 72 இன்ச் புரொப்பெல்லரைக் கழட்டிட்டு 76 இன்ச் போட ஆசை. டேப் வச்சு அளந்தான்: முனைக்கும் தரைக்கும் நடுவே 18 இன்ச். "நிறைய இருக்குடா!"

ஆனா அப்போ வால் தரையில இருந்துச்சு, மூக்கு மேல பார்த்துட்டு இருந்துச்சு. டேக்-ஆஃப் ஓட்டத்துல வால் எழும்பும், மூக்கு இறங்கும். வாலை ஸ்டாண்டில் ஏத்தி விமானத்தை லெவலா நிறுத்தினோம். பத்தரை. விட்டம் 4 இன்ச் கூடினா முனை 2 இன்ச் இறங்கும், ஆக எட்டரை.

அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. சின்ன விமானங்களுக்கு ரொம்ப வருஷம் வச்சிருந்த விதி: விமானத்தின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும்போது, மூக்குச்சக்கரம்னா குறைஞ்சது 7 இன்ச், வால்சக்கரம்னா 9. அதுக்கு மேல, டயர் பஞ்சராகி ஷாக் அப்சார்பர் முழுசா அமுங்கினாலும் புரொப் தரையைத் தொடக் கூடாது. வீட்டில் கட்டும் விமானத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஓடுபாதைக்கு அது தெரியுமா என்ன?

இவன் விமானத்துல இருக்கிறது ஸ்பிரிங் ஸ்டீல் கால். ஸ்டீவ் விட்மன் உருவாக்கி, 1940கள்ல செஸ்னா எடுத்துக்கிட்ட டிசைன். எளிமையானது, லீக் ஆகாது. ஆனா வாங்கின சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துடும். டயர் பக்கவாட்டில் தேயுறப்போ கொஞ்சம் போகும், அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா பேக்-ஆஃப் இல்லாத ரீட்ரை. ஓலியோ ஸ்ட்ரட்ல எண்ணெய் சின்னத் துளை வழியா பிதுங்கி, அந்தச் சக்தி சூடா மாறிடும். அதனால துள்ளல் குறைவு. ஆனா அதுல இருக்கிற வாயு மெல்லக் கசிஞ்சா, போன மாசம் அளந்த இடைவெளி இன்னைக்கு இருக்காது. மூக்குச்சக்கரக்காரங்க இதைக் கவனிக்கணும்.

முனை தரையில இடிச்சா புரொப் மட்டும் போகாது. அந்த அதிர்ச்சி கிராங்க்ஷாஃப்ட் வரைக்கும் போகும். லைகமிங் எஞ்சின்கள்ல கிராங்க்ஷாஃப்ட் கியரைத் திறந்து பார்த்தே ஆகணும்னு 2004லேயே கட்டாய உத்தரவு வந்தாச்சு. செலவைக் கேட்டுட்டு நண்பன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

76 இன்ச் புரொப் இன்னும் பெட்டியிலதான். பெரிய டயர் போட்டா அரை இன்ச்சாவது கிடைக்குமான்னு இப்போ கணக்குப் போட்டுட்டு இருக்கான்.