தாயக்கட்டையும் தர்மமும்

விளையாட்டு என்றால் பொழுதைப் பாழாக்கும் காரியம் என்று நம் வீடுகளில் ஓர் அபிப்பிராயம் உண்டு. பாட்டிமார்கள் பல்லாங்குழிப் பலகையை எடுத்தால் மாத்திரம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதுவும் வயதுக்குக் காட்டும் மரியாதையே தவிர, ஆட்டத்துக்குக் காட்டும் மரியாதை அன்று. அந்தப் பல்லாங்குழியையும் தாயக்கட்டையையும் கொண்டே ஒரு பெரிய உபகாரம் செய்ய முடியும் என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயிலைத் தரிசிக்காமல் வலம் வருகிறவர்கள் குறைவு. இந்த ஊரில் ஒரு நாள் இரவு பெரியவர்களும் பிள்ளைகளும் கூடி விளையாட வேண்டும். டிக்கெட்டு விற்ற பணத்தைக் குழந்தைகளின் நீரிழிவு ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும். இதுவே நம் யோசனை.

“குழந்தைக்குக்கூட நீரிழிவு வருமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வரும். ஆனால் அது தாத்தாவுக்கு வரும் நீரிழிவு அன்று. கணையத்தில் இன்ஸுலினைச் சுரக்கும் நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் சக்தியே, இந்த அணுக்களைப் பகைவர் என்று எண்ணி அழித்துவிடுகிறது. இன்ஸுலின் அற்றுப் போனால், உண்ட உணவு உடம்பில் ஒட்டுவதில்லை. மிட்டாய் தின்றதால் வந்ததும் அல்ல. தாயார் வளர்த்த குறையும் அல்ல. தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடியும் தொடங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றோடு வாந்தியும் பெருமூச்சும் சேர்ந்தால் ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுகிற வியாதி இது. அந்தச் சொட்டை உரிய காலத்தில் பார்க்காததால் போன உயிர்கள் உண்டு.

நூறு வருஷங்களுக்கு முன் இந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியமே இல்லை. பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பார்கள், அவ்வளவுதான். 1922-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி, கனடா தேசத்து டொரண்டோ நகரில், லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் ஊசி போட்டார்கள். அப்போது அவன் எடை 65 பவுண்டு. முதல் மருந்து சுத்தமாயில்லாததால் பலன் போதவில்லை. காலிப் என்ற ரஸாயன நிபுணர் இராப் பகலாக உழைத்து அதைச் சுத்தம் செய்து கொடுக்க, 23-ந் தேதி மறுபடியும் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, பையன் எழுந்தான், மேலும் 13 வருஷம் உயிரோடிருந்தான். கண்டுபிடித்தவர்களான பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அதன் உரிமையைத் தலைக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு டொரண்டோ சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்ஸுலின் உயிரைக் காக்கிறது, வியாதியைப் போக்குவதில்லை. இன்றும் அந்தக் குழந்தை தினம் பல முறை ஊசி போட்டுக்கொள்கிறது. விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கிறது. கொஞ்சம் கூடுதலாக ஓடி விளையாடினாலும், சாப்பாடு சற்றுத் தாமதித்தாலும் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடுமோ என்று தாயார் இராத் தூக்கமில்லாமல் காவலிருக்கிறாள். சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, 20 வயதுக்குட்பட்ட இப்படிப்பட்டவர்கள் நம் தேசத்தில் சுமார் 2,29,000 பேர். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை.

“இந்தக் குழந்தைகளுக்கு இன்றைக்கு வேண்டியது ஊசி மருந்தல்லவா? ஆராய்ச்சிக்குப் பணம் அனுப்புவானேன்?” என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊரிலேயே மருந்துக்கும் ஸ்ட்ரிப்புக்கும் திண்டாடும் குழந்தை இருந்தால், முதல் கடமை அதற்குத்தான். அதற்குத் தனியே வசூல் செய்ய வேண்டும். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. அங்கே விசாரிப்பதும் அவசியம். ஆனால் தாம்ஸன் பிழைத்தது எதனால்? சோதனைச்சாலை ஒன்று திறந்திருந்ததனால் அல்லவா? அன்றைக்கு எல்லாரும் பட்டினி வைத்தியத்துக்கு மாத்திரமே பணம் கொடுத்திருந்தால், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க இன்ஸுலினே இராது.

ஆராய்ச்சி நின்றுவிடவுமில்லை. 1970-ல் அமெரிக்காவில், இந்நோய் கண்ட குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். அதன் உதவியையும் பெற்று வளர்ந்த ஆராய்ச்சிகளுள் ஒன்றின் பலன் டெப்லிஸுமாப் என்ற மருந்து. வியாதி வரப்போகிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது, வியாதி சுமார் 2 வருஷம் தள்ளிப் போயிற்று என்று 2019-ல் அறிவித்தார்கள். 2022-ல் அமெரிக்க அரசாங்கம் அதை அங்கீகரித்தது. தள்ளிப் போட்டதுதான், தடுத்ததல்ல. ஆனாலும் ஒரு குழந்தைக்கு ஊசியில்லாத இரண்டு வருஷம் சாமான்யமா?

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 1948-லேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்; 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே ஏற்பட்டது. இளம் வயதில் நீரிழிவு கண்டவர்களின் விவரத்தைச் சேகரிக்கும் பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2006-ல் ஆரம்பித்தது. நம் பிள்ளைகளின் உடம்பையும் உணவையும் நம் நாட்டிலேயே ஆராய்ந்தால்தான் நமக்கு ஏற்ற வைத்தியம் கிடைக்கும்.

ஒரு கிராமத்தின் சில ஆயிரம் ரூபாய் எம்மாத்திரம் என்று எண்ண வேண்டாம். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க அமெரிக்காவில் 1934 முதல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பிறந்த நாளில் ஊர்தோறும் நடன விருந்து நடத்திப் பணம் சேர்த்தார்கள். 1938-ல், ஆளுக்கு ஒரு பத்துக் காசு அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அந்த நிதியில் நடந்த ஆராய்ச்சியால் டாக்டர் ஸால்க்கின் தடுப்பு மருந்து 1955-ல் வெளிவந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தலைமையில் இந்திய மாதர் சங்கத்தார் பொது ஜனங்களிடம் பணம் திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி.

இனி, இரவை நடத்தும் முறை. பௌர்ணமியன்று வேண்டவே வேண்டாம்; லட்சக்கணக்கான பக்தர்கள் வலம் வரும்போது பாதையில் கால் வைக்க இடமிராது. வேறொரு சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடித்துவிடலாம். பள்ளிக்கூடக் கூடமோ கல்யாண மண்டபமோ போதும். பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஆடு புலி ஆட்டம், சதுரங்கம், கேரம் என்று தனித்தனி வரிசை. பேரனுக்கு எதிரே பாட்டியை உட்கார வைத்தால் வேடிக்கை பார்க்கவே ஊர் கூடும்.

பந்தயப் பணம் மாத்திரம் கூடாது. 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் ஒருபுறமிருக்க, தர்மத்துக்கென்று கூடிய இடத்தில் சூது நுழைவது அழகன்று. அதிர்ஷ்டச் சீட்டும் வேண்டாம். லாட்டரி 2003 முதல் தமிழ்நாட்டில் தடுக்கப்பட்டிருக்கிறது. நுழைவு டிக்கெட்டும் சிற்றுண்டி விற்பனையுமே வருமானம். ஜெயித்தவருக்கு ஒரு புஸ்தகம் பரிசு.

வியாதியுள்ள குழந்தை எதையும் மேடையேற்றிப் பரிதாபம் காட்டலாகாது. அந்தக் குழந்தை வந்தால் மற்றவர்களைப் போல விளையாடட்டும். சுண்டலும் மோரும் கொடுக்கும் இடத்தில் சர்க்கரைத் தண்ணீரும் தயாராயிருக்கட்டும். ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குக் கை நடுங்கி வியர்த்தால், சர்க்கரை இறங்கியதாக எண்ணி உடனே அதைக் குடிக்கக் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். இந்த ஒரு பாடத்தை ஊரார் கற்றுக்கொண்டாலே அந்த இரவு வீண் போகவில்லை.

கடைசியாகக் கணக்கு. யாருக்கு அனுப்புகிறோம் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். அந்த ஸ்தாபனம் பதிவு பெற்றதா, தணிக்கையான கணக்கு வெளியிடுகிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் நீரிழிவு ஆராய்ச்சிக்கே செலவிட வேண்டுமென்று எழுதிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். மறுநாள் காலையில் வரவு செலவைப் பள்ளிக்கூட வாசலில் ஒட்டிவிட்டால், அடுத்த வருஷம் கேட்காமலே பணம் வரும்.

ஆகையால் நேயர்களே, பரண்மேல் கிடக்கும் பல்லாங்குழிப் பலகையைத் தூசி தட்டி எடுங்கள். அன்றிரவு தாயம் விழாவிட்டாலும் பாதகமில்லை. டிக்கெட்டு வாங்க மாத்திரம் மறந்துவிட வேண்டாம்.