"ஊளைச் சத்தம் நின்னப்போதான் பயந்தேன்யா!" - நாள் முழுக்கத் தனியே கிடந்த ஹஸ்கி குட்டிகளும் ஒரு தூத்துக்குடி பாடமும்

மதியம் ஒன்றரை மணி. அண்ணனின் செல்போன் அடித்தது. பேசியது பக்கத்து வீட்டு ஆச்சி.

"ஏய்யா, காலையில இருந்து ரெண்டும் ஊளை விட்டுக்கிட்டே கெடந்துச்சு. இப்போ அரை மணி நேரமா சத்தத்தையே காணோம். கரன்ட்டும் இல்ல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருய்யா."

அதுவரை ஆச்சி போன் செய்ததெல்லாம் "இந்தச் சத்தத்துல மத்தியானம் கண்ண மூட முடியல" என்று புகார் சொல்லத்தான். அன்று அவர் குரலே வேறு மாதிரி இருந்ததாம்.

அண்ணனுக்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் வேலை. மதினி பள்ளி ஆசிரியை. காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டினால், திறக்க மாலை ஐந்தரை ஆகும். பைக்கை விரட்டி வந்து கதவைத் திறந்தபோது, ஜன்னல்கள் சாத்திய ஏ.சி அறைக்குள் அனல் அடித்தது. மூன்று மாதக் குட்டிகள் முத்துவும் ஸ்னோவியும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. நாக்கு வெளியே தொங்க, புஸ்புஸ்ஸென்று மூச்சு. அண்ணன் கூப்பிட்டும் எழவில்லை.

இரண்டையும் முற்றத்துக்குத் தூக்கி வந்து, ஆச்சி கொடுத்த வாளித் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிவிட்டு, ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள். பிழைத்துக்கொண்டன. நடந்தது போன மே மாதம்.

அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியை அண்ணன் இன்னும் சொல்லிக்காட்டுவார். "வீட்டுல ஆள் எத்தனை மணி நேரம் இருக்கீங்க?" என்ன சாப்பாடு, என்ன விலை, என்ன பரம்பரை என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

பனியில் ஓடப் பிறந்தது

சைபீரியன் ஹஸ்கி, ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் வளர்த்தெடுத்த நாய். வேலை, பனிச்சறுக்கு வண்டி இழுப்பது. 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தைக் கொண்டு சேர்த்தவை இந்த நாய் வண்டிகள்தான். சுமார் 1,085 கிலோமீட்டரை, கடும் பனிப்புயலில், தொடர் ஓட்டம்போல 20 வண்டியோட்டிகளும் ஏறக்குறைய 150 நாய்களும் ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோவுக்கு அதே ஆண்டு நியூயார்க்கில் சிலையே வைத்தார்கள்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய சேதி மூன்று. ஒன்று, இது ஓட வேண்டிய நாய். இரண்டு, கூட்டமாக வாழ்ந்து பழகிய நாய். மூன்று, இதன் உடம்பில் இருப்பது குளிருக்கான இரட்டை அடுக்கு ரோமம். தனி அறை, பூட்டிய கதவு, தூத்துக்குடியின் உப்புக்காற்றுப் புழுக்கம் மூன்றும் அதன் இயல்புக்கு நேர் எதிர்.

அந்த நீலக் கண்ணும் ஓநாய் முகமும்தான் நம்மை மயக்குகின்றன. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் புகழின் உச்சியில் இருந்தபோது, அதில் வரும் ஓநாய்களைப் பார்த்துவிட்டு ஹஸ்கி வாங்கியவர்கள் பலர், சமாளிக்க முடியாமல் கைவிட்டார்கள். 2017-ல் அந்தத் தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜ், 'தயவுசெய்து அழகைப் பார்த்து ஹஸ்கி வாங்காதீர்கள்' என்ற பொருளில் வேண்டுகோள் விடுக்கும் அளவுக்கு நிலைமை போனது.

குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

"வீடு முழுக்க ஒண்ணுக்கு, ரெண்டுக்கு. சாயங்காலம் வந்தா முதல் ஒரு மணி நேரம் கழுவுறதே வேலை. அடிச்சும் பாத்தாச்சு, திருந்தல" என்று மதினி அப்போது புலம்புவார்.

திருந்துவதற்கு அது தப்பே செய்யவில்லை. ஒரு எளிய கணக்கு இருக்கிறது. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். அதுவும் மேல்வரம்புதான். முத்துவும் ஸ்னோவியும் தனியே இருந்ததோ ஒன்பதரை மணி நேரம்!

ஆக, இது கீழ்ப்படியாமை அல்ல, உடம்பின் கணக்கு. அடிப்பதும், கழிவில் மூக்கைத் தேய்ப்பதும் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும்: 'இவர்கள் பார்க்கும்போது போகாதே, கட்டிலுக்கு அடியில் போ.'

பழக்குவது எப்படி?

அண்ணன் வீட்டில் பிறகு கைகொடுத்த வழிகள் இவை.

*நேரம் பிசகக் கூடாது:* தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சில நிமிடங்களிலும், விளையாடி முடித்ததும் குட்டிக்கு முட்டிக்கொண்டு வரும். அந்த நேரங்களில் ஒரே இடத்துக்கு, ஒரே வழியாக அழைத்துப்போங்கள். சாப்பாட்டு நேரம் ஒழுங்காக இருந்தால் கழிக்கும் நேரமும் ஒழுங்காகும்.

*பாராட்டு உடனே:* போய் முடித்த அந்த நொடியில் ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி, ஒரு "சபாஷ்". வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், எதற்குப் பரிசு என்றே அதற்குப் புரியாது.

*தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்:* குட்டி எந்தத் தரையில் போய்ப் பழகுகிறதோ, வளர்ந்தாலும் அதைத்தான் தேடும். டைல்ஸில் பழகினால் டைல்ஸ்தான். அதனால் ஆள் இல்லாத நேரத்துக்கு, படுக்கும் இடத்தில் இருந்து தள்ளி, அகலமான தட்டில் புல்பத்தை அல்லது செய்தித்தாள் வையுங்கள். ஆள் இருக்கும்போது மண்தரைக்கே கூட்டிப்போங்கள்.

*பினாயில் வேண்டாம்:* பாதத்தை நக்கும் குட்டிக்குப் பினாயில் விஷம். அம்மோனியா கலந்த திரவங்களின் வாடையோ சிறுநீர் வாடையைப்போலவே இருக்கும். திரும்ப அங்கேயே போகத் தூண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கும். வாடையை அடியோடு எடுக்க அதுதான் சரி.

*கூண்டு சிறை அல்ல:* எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் கூண்டு நல்ல படுக்கையறை. ஆனால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் குட்டியைப் பூட்டிவைக்கக் கூடாது. நாள் முழுக்க வெளியே போகிறவர்களுக்குத் தடுப்புக் கட்டிய காற்றோட்டமான அறைதான் சரி. மின்வயர், செருப்பு, மாத்திரை எதுவும் வாய்க்கு எட்டக் கூடாது.

*நடுவில் ஒரு மனிதர்:* எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். அண்ணன் வீட்டில் அந்த மனிதர் யார் தெரியுமா? புகார் சொன்ன அதே ஆச்சி! இப்போது ஒரு சாவி அவரிடம். பதினோரு மணிக்கும் இரண்டரை மணிக்கும் வந்து, முற்றத்தில் விட்டு, தண்ணீர் மாற்றி, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். ஆள் கிடைக்காவிட்டால், குட்டிக்கு ஆறு மாதமாகும் வரையாவது தம்பதி ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, ஒருவர் மதிய உணவுக்கு வீட்டுக்கு வருவது என்று ஏதாவது ஒரு வழி வேண்டும்.

ஏக்கமா, பழக்கக் குறைவா?

நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் கண்ட இடத்தில் போனால், பழக்கம் போதவில்லை. நீங்கள் கிளம்பிய பிறகு மட்டும் போகிறது, கூடவே ஊளை, எச்சில் ஒழுகுதல், கதவைப் பிறாண்டுதல் என்றால் அது தனிமை பயம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு சின்ன வைஃபை கேமரா வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

தனிமையைச் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். விடுமுறை நாளில் சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, ஒரு நிமிடம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள். பிறகு ஐந்து நிமிடம், கால் மணி, அரை மணி. போகும்போது கொஞ்சல் வேண்டாம். வந்ததும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். கிளம்பும்போது, ரப்பர் பொம்மைக்குள் சோறும் கோழியும் திணித்து ஃப்ரீசரில் உறையவைத்ததைக் கொடுங்கள். நக்கித் தீர்க்கவே நேரம் போய்விடும்.

அக்கம்பக்கத்தார் அன்பாகக் கொடுக்கும் கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மீன் முள், வேகவைத்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் எல்லாமே ஆபத்து.

ஓடி அலுத்த நாய்தான் அமைதியாகத் தூங்கும். ஆனால் தடுப்பூசி வரிசை முடியும்வரை, அதாவது ஏறக்குறைய நான்கு மாதம்வரை, தெருவிலும் கடற்கரையிலும் விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணிலேயே காத்திருக்கும். அதுவரை முற்றத்தில் விளையாட்டு. பிறகு விடியலுக்கு முன் ஒரு நடை, இருட்டிய பின் ஒரு நடை. கயிறு இல்லாமல் விடவே கூடாது. ஓடத் தொடங்கிய ஹஸ்கி, கூப்பிட்டால் திரும்புவது அபூர்வம்.

ரெண்டா வாங்கினால் தீருமா?

"ஒண்ணு தனியா ஏங்குமேன்னுதான் ரெண்டா வாங்கினோம்" என்கிறார் மதினி. நிறைய பேர் செய்யும் தவறு இது. ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மனிதர் சொல்வது காதில் ஏறாது. பிரித்தால் இரண்டும் பதறும். ஒன்று ஊளையிட்டால் மற்றது பின்பாட்டு!

ஏற்கெனவே இரண்டு இருந்தால், தினமும் கொஞ்ச நேரம் தனித்தனியாக நடத்துங்கள், தனித்தனியாகப் பழக்குங்கள், தனித்தனியாகத் தூங்கவையுங்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால், கருத்தடை பற்றி ஆறு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வெயில் விளையாடுகிற இடம்

நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமான கடலோரத்தில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அண்ணன் வீட்டில் நடந்த தவறு, ஏ.சி-யை மட்டும் நம்பியது. கரன்ட் போனால், சாத்திய அறை அடுப்பாகிவிடும். இப்போது அந்த வீட்டில் குட்டிகளுக்கு ஹால்தான். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கும், இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், மூன்று இடத்தில் தண்ணீர் இருக்கும். மொட்டை மாடியில் கட்டும் வேலையே கிடையாது.

'பாவம், முடி அதிகம்' என்று மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த ரோமம் வெயிலில் இருந்தும் தோலைக் காக்கிறது. தினமும் சீவி, உதிர்ந்த அடிமுடியை எடுத்தால் போதும்.

விடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்று வீசுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி மூடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் குளிரவைத்தல், அடுத்து மருத்துவமனை. உள்ளூரில் முடியாத சிகிச்சைக்கு, திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வாங்கும் முன்...

2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று பட்டியலிட்டது. அதில் ஹஸ்கியும் உண்டு. அந்தக் கொள்கையை எதிர்த்து நாய் வளர்ப்போர் தரப்பு நீதிமன்றத்துக்கும் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும், மே மாத வெயில் மாறப்போவதில்லை.

மத்திய அரசின் 2017-ம் ஆண்டு விதிகளின்படி, நாய்க்குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நாய்தான் வேண்டும், ஆனால் இந்த ஊர் வெயிலும் தாங்க வேண்டும் என்றால், கன்னி, சிப்பிப்பாறை போன்ற இனங்கள் கோவில்பட்டி, கழுகுமலை சுற்றுவட்டாரத்துக் கரிசல் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. தெருவில் பிறந்த குட்டியைத் தத்தெடுத்தாலும் புண்ணியம். ஆனால் ஒன்று, அவையும் தனிமையில் ஏங்கும். வெயிலைத் தாங்குகிற நாய் உண்டு. காலை முதல் மாலைவரை பூட்டிய வீட்டைத் தாங்குகிற குட்டி எந்த இனத்திலும் இல்லை.

முத்துவுக்கும் ஸ்னோவிக்கும் இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போய் மாதங்கள் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு ஒன்று அண்ணனோடும் இன்னொன்று மதினியோடும் கடற்கரைக்குக் கிளம்பும். இரண்டு வருடம் வெளியூர்ப் பயணமே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு எவ்வளவு பயந்தீங்க ஆச்சி?" என்று போன வாரம் கேட்டேன்.

"அது கத்தும்போதெல்லாம் எரிச்சலா இருந்துச்சு. சத்தம் நின்னப்போதான் பயந்தேன்யா. ஆள் வேணும்னுதான் அத்தன நாளா கூப்பிட்டிருக்கு. நமக்குத்தான் வெளங்கல."

ஹஸ்கி வாங்கும் ஆசை இருக்கிறதா? விலையை விசாரிக்கும் முன், உங்கள் வீட்டில் கதவு பூட்டியிருக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். பதில் அதிலேயே கிடைத்துவிடும்.