உஷார்! மண்ணில் மஞ்சள் பூத்திருக்கிறதா?

ராணிப்பேட்டை சிப்காட் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கப் போகிறீர்களா? போர் போடப் போகிறீர்களா? நல்ல கோடையில் நேரில் போய்த் தரையைப் பாருங்கள். சுவரோரத்தில், பள்ளத்து விளிம்பில் எலுமிச்சை நிறத்தில் மெல்லிய ஏடு படிந்திருந்தால் தொடாதீர்கள். மாட்டையும் நக்க விடாதீர்கள். அது குரோமிய உப்பாக இருக்கலாம்.

அங்கிருந்த குரோமேட் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அப்படியே குவிந்து கிடந்தது. “ஆலை மூடி எத்தனை வருஷமாச்சு, இன்னுமா விஷம்?” என்று கேட்பவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. இலை தழை மக்கும். உலோகம் மக்காது, உரு மாறும்.

தோல் பதனிடப் போடும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. நிறம் பச்சை. மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், எளிதில் நகராது. ஆறு இணைதிறன் குரோமியமோ மஞ்சள். தண்ணீரில் கரையும், தூசியாகத் தொடர்ந்து மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். குரோமேட் ஆலைக் கழிவில் இந்த மஞ்சள் ஏற்கெனவே இருக்கிறது. பச்சையும் பச்சையாகவே இருந்துவிடும் என்று நம்ப முடியாது. மண்ணில் இயற்கையாக உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பங்கை மெல்ல மெல்ல மஞ்சளாக்கிவிடும். திரும்பப் பச்சையாக்க மக்கு வேண்டும். வறண்ட நிலத்தில் மக்குக்கு எங்கே போவது? காரமண்ணில் மஞ்சள் குரோமியம் ஒட்டாது. மழையில் கீழே இறங்கிக் கிணற்றைத் தேடும். வெயிலில் ஈரத்தோடு மேலேறித் தரையில் பூக்கும்.

பதனிட்ட தோலிலும் அந்தப் பச்சைக் குரோமியம் இருக்கிறது. தயவுசெய்து தோல் துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். மண்ணில் வருஷக்கணக்கில் நடக்கும் மாற்றம் நெருப்பில் நிமிஷத்தில் நடக்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுவது அதைவிட மோசம்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம்தான் வரம்பு. அதைத் தாண்டிப் பல மடங்கானாலும் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். டிடிஎஸ் மீட்டரும் இதைத் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ‘குரோமியம் பார்க்க வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை.

மனையை நிரவ மலிவாக மண் தருகிறேன் என்று யாராவது லாரியோடு வந்தால், எங்கே வெட்டிய மண் என்று தெரியாமல் ஒரு லோடுகூடக் கொட்ட விடாதீர்கள்.