மூன்று சென்டிமீட்டர் புல்

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் பகுதியில், வெயிலுக்கு முகம் காட்டிச் சரிந்திருக்கிறது ஒரு குன்று. காலர்ட் ஹில் என்று பெயர். ஜூன் மாத நடுவில் அங்கே வருகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. வாசல் கோலத்தை மிதித்துவிடாமல் ஒதுங்கி நடப்பவர்களைப் போல, தரையில் கண் பதித்து, அடிமேல் அடி வைத்துப் போகிறார்கள். அவர்கள் தேடி வந்தது ஒரு பட்டாம்பூச்சியை.

பெருநீலம் என்று அதைச் சொல்லலாம். பிரிட்டனின் நீலப் பட்டாம்பூச்சிகளில் இதுவே பெரியது. பெரியது என்றாலும், இறகை விரித்தால் நம் இரண்டு விரல் அகலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முன்னிறகின் நீலத்தில், யாரோ மைப்பேனாவை உதறியதுபோலச் சில கறுப்புத் துளிகள். இந்த நீலத்தில் வாய்பிளந்து நிற்கும் நாம், அது புறப்பட்டு வந்த இருட்டை நினைப்பதே இல்லை.

தாய் தன் முட்டைகளைக் காட்டுத் தைம் செடியின் மொட்டுகளில் ஒவ்வொன்றாக வைக்கிறாள். தரையோடு படரும் செடி அது. கசக்கி முகர்ந்தால் நம் ஓமம் நினைவுக்கு வரும். பொரிந்த புழு அந்தப் பூவைத் தின்று, பூவின் இளஞ்சிவப்பையே உடுத்திக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் வளர்கிறது. பிறகு ஓர் அந்திப் பொழுதில், உணவு அத்தனையும் அருகில் இருக்கும்போதே, பிடியை விட்டுத் தரையில் விழுகிறது. விழுந்து, காத்திருக்கிறது.

ஒரு சிவப்பெறும்பு வருகிறது. உணர்கொம்பால் தட்டிப் பார்க்கிறது. புழு ஒரு துளி இனிப்பைச் சுரந்து கொடுக்கிறது. எறும்பு குடிக்கிறது, மறுபடி தட்டுகிறது, மறுபடி குடிக்கிறது. சில சமயம் மணிக்கணக்கில். பின்பு புழு உடலை விறைத்து நிமிர்கிறது. தொட்டால் எறும்புக் குஞ்சு, முகர்ந்தால் எறும்புக் குஞ்சு! புற்றிலிருந்து வழிதவறி வந்த பிள்ளை என்று நம்பி, அந்த எறும்பு அதை வாயில் பதமாகக் கவ்வித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

அடுத்த பத்து மாதம் நிலத்தடி வாசம். அந்த வீட்டுப் பிள்ளைகளையே தின்று புழு வளர்கிறது. முழு எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கும் புற்றுக்குள் கூடியதே. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை அறிந்த நமக்கும் இது கொஞ்சம் நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. படைத்தவனின் தராசு நம் கையில் உள்ள தராசு இல்லை என்று சொல்லி நகர்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதன் நெருங்கிய உறவான இன்னொரு நீலம், புற்றுக்குள் ராணி எறும்பின் ஒலியையே எழுப்பி அரச மரியாதை பெறுகிறது என்று 2009-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒலி, வாசனை, ஸ்பரிசம்: பொய்யிலும் எத்தனை நுட்பமான வேலைப்பாடு!

ஆனால் ஏதோ ஒரு சிவப்பெறும்பு இருந்தால் போதாது. மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் இந்தப் புழு நன்றாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்கோ சூடான மண் வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்தால் மண்ணில் நிழல் விழுகிறது, மண் குளிர்கிறது. சபுலெட்டி ஒதுங்க, குளிர் தாங்கும் வேறு எறும்பு குடியேறுகிறது. தைம் இருக்கும், பூ இருக்கும், பார்வைக்கு அதே சிவப்பெறும்பும் இருக்கும். பட்டாம்பூச்சி மட்டும் இருக்காது.

இதை அறியாமல்தான் அன்பு செலுத்தினார்கள். பட்டாம்பூச்சியைப் பிடித்துச் சேகரிப்பவர்களைத் தடுக்க வேலி போட்டார்கள். வேலி, மேய வந்த ஆடுமாடுகளையும் சேர்த்துத் தடுத்தது. 1953-ல் பிரிட்டனுக்குள் நுழைந்த மிக்சமடோசிஸ் நோய் முயல்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. சரிவுகளில் மேய்ச்சலும் குறைந்தது. கடிக்க வாயில்லாமல் புல் உயர்ந்தது. எழுபதுகளில் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர், கடைசியாக மிஞ்சிய கூட்டத்தின் அருகிலேயே கோடைதோறும் கிடந்து, எறும்பின் ரகசியத்தை அவிழ்த்தார். விடை கிடைத்தபோது காப்பாற்றப் பூச்சி மிச்சமில்லை. 1979-ல் பெருநீலம் பிரிட்டனில் அற்றுப்போனது.

பிறகு நடந்ததை ஒருவகைப் பிராயச்சித்தம் என்றே சொல்வேன். முதலில் மாடுகளையும் மட்டக்குதிரைகளையும் மேயவிட்டுப் புல்லைத் தாழ்த்தினார்கள், எறும்பு திரும்பியது. 1983-ல் ஸ்வீடனின் ஓலாண்ட் தீவிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் பராமரிப்பில் உள்ள காலர்ட் ஹில்லுக்கு 2000-ல் பெருநீலம் வந்து சேர்ந்தது. இன்று அங்கே யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பார்க்கக் கிடைப்பது சில நாள் வாழ்க்கை. பட்டாம்பூச்சியாகிப் புற்றிலிருந்து ஊர்ந்து வெளியேறி, கசங்கிய இறகோடு ஒரு புல்லில் ஏறி, இறகில் குருதி நிறைந்து விரிந்து உலரும் வரை அசையாமல் தொங்கும், பிறகு நீலம். ஜூலையில் அது முடிகிறது. வந்தவர்கள் கேமராவை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். வெறிச்சோடிய சரிவில், தைம் பூவின் அடியில், வெளிச்சம் மங்கும் வேளையில், மிளகளவுகூட இல்லாத ஒன்று மண்ணில் விழுந்து கிடக்கிறது. ஓர் எறும்பு அந்தப் பக்கமாக வந்து, நின்று, தட்டிப் பார்க்கிறது.